ஸ்கோப்: நோக்கெல்லை

‘இந்தப் படிப்புக்கு ஸ்கோப் இருக்கா?’ என்று ஊரில் சித்தப்பா கேட்டால் அது வாய்ப்பு. பெங்களூரு பெல்லந்தூர் ஆபீஸில் ‘வேரியபிள் ஸ்கோப்லயே இல்லண்ணா’ என்று பக்கத்து சீட்டுத் தம்பி முனகினால் அது வேறு: வேரியபிள், அதாவது ஒரு மதிப்புக்கு வைத்த பெயர், கோடில் (நிரலில்) எங்கிருந்தெல்லாம் கண்ணில் படும் என்பது.

மூலம் கிரேக்கம். ‘ஸ்கோபோஸ்’ என்றால் குறி, இலக்கு. காவல் பார்ப்பவரையும் சொல்லும். டெலஸ்கோப்பில் இருப்பதும் இதே பார்வைதான். இத்தாலியனில் ‘ஸ்கோப்போ’ நோக்கமாகிவிட்டது. நம்மிடமும் நோக்கு பார்வை, அதிலிருந்து நோக்கம்!

தமிழில் வரம்பு, வரையெல்லை, நோக்கெல்லை என்றெல்லாம் எழுதுகிறார்கள். வரையெல்லையில் வரையும் எல்லைதான், எல்லையும் எல்லைதான். என் ஓட்டு நோக்கெல்லைக்கு. இணையப் பக்கத்தின் கோடை ஓட்டும் ஜாவாஸ்கிரிப்ட் எஞ்சினும் ஒரு பெயர் எங்கே இருக்கிறது என்று பார்க்கத்தானே செய்கிறது.

பெங்களூரு ஆட்டோக்காரரிடம் ‘3வது கிராஸ்’ என்று மட்டும் சொல்லிப் பாருங்கள். ‘எந்த ஏரியா?’ என்பார். ஜெயநகரிலும் ஒன்று உண்டு, மல்லேஸ்வரத்திலும் உண்டு. எஞ்சினுக்கும் அதே கேள்வி. இருக்கும் ஃபங்ஷனில் (ஒரு வேலைக்கென்று தனியே கட்டிய கோடுத் துண்டு) பெயர் இல்லையென்றால் அதைச் சுற்றியுள்ள ஃபங்ஷனில் தேடும், கடைசியில் எல்லாருக்கும் பொதுவான குளோபலில். குரோம் பிரௌசரின் எஞ்சினான வி8 இந்த விலாசத்தைக் கோடைப் படிக்கும்போதே முடிந்தவரை குறித்துக்கொள்ளும். ஃபங்ஷனோடு நின்றுவிடும் வேரியபிளுக்கு ரெஜிஸ்டரில், அதாவது சட்டென்று எடுக்கக் கையருகே, இடம். உள்ளே இருக்கும் இன்னொரு ஃபங்ஷன் அதைப் பிடித்துக்கொண்டால், ஃபங்ஷன் முடிந்தும் நீடிக்கும் நினைவகமான ஹீப்புக்குப் போகும்.

எழுத்துச் சரத்தையே கோடாக ஓட்டும் ‘ஈவால்’ வந்தால் குறிப்பை நம்ப முடியாது. ஓடும்போதே புதுப் பெயர் முளைக்கலாம் என்பதால் பெயரைச் சொல்லித் தேட வேண்டும். ஆட்டோ ஓடிக்கொண்டிருக்கையில் தெருப்பலகையை மாற்றுவதுபோல. ஒரு ஆப்ஜெக்டின் உள்ளிருக்கும் பெயர்களையும் தேடலில் சேர்க்கும் ‘வித்’தும் அப்படித்தான், கறாரான விதிகள் கொண்ட ஸ்ட்ரிக்ட் மோட் அதை உள்ளேயே விடாது.

போன மாதம் ஒரு பக்கம் திணறியது. ஸ்கிரிப்டின் உச்சியில், எந்த ஃபங்ஷனுக்குள்ளும் இல்லாமல், ‘வார் ஐ’ என்று ஐ என்ற வேரியபிளை அறிவித்து லட்சக்கணக்கில் சுற்றும் லூப். அப்படி வெளியே கிடக்கும் ‘வார்’ பக்கம் முழுவதற்கும் பொதுவான விண்டோ ஆப்ஜெக்டில் போய் ஒட்டிக்கொள்ளும். எந்த ஸ்கிரிப்டும் அதைத் தொடலாம். சுற்றுக்குச் சுற்று அங்கிருந்து எடு, ஒன்று கூட்டு, திரும்ப வை. (‘வார்’ போலவே வேரியபிளை அறிவிக்க 2015இல் வந்த ‘லெட்’ விண்டோவில் ஒட்டாது.) லூப்பை அப்படியே தூக்கி ஒரு ஃபங்ஷனுக்குள் போட்டேன். கணக்கு மாறவில்லை, பக்கம் ஓடியது.

கோடு மாற்றத்தைப் பதிவு செய்யும் கமிட் குறிப்பில் ‘நோக்கெல்லையைச் சுருக்கினேன்’ என்று எழுதினேன். கன்னடக்கார நண்பர் வாய்விட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்டார். நோக்கு என்றதுமே, ‘ஓ, நோடோது (கன்னடத்தில் பார்ப்பது) தானே?’ என்றார்.