கண்மாய்த் தண்ணீரும் கண்ணுக்குள் ஒரு வெள்ளைக் கட்டியும்

ஒரு கண் மட்டும் சிவந்து, வெளிச்சம் பட்டால் கூசுகிறது என்று வருபவர்கள் பெரும்பாலும் கிராமத்துச் சிறுவர்கள். ஸ்லிட் லாம்ப் கருவியின் ஒளிக்கீற்றில் பார்த்தால், கருவிழிக்குப் பின்னால் நீர் நிறைந்திருக்கும் சிற்றறையின் அடியில் முத்துப் போல ஒரு வெள்ளைக் கட்டி தெரியும். சிலருக்கு அது வெண்படலத்துக்குக் கீழே இருக்கும். இப்படி ஒன்றைப் பார்த்ததும் நம் ஊர் மருத்துவருக்கு முதலில் காசநோய்ச் சந்தேகம்தான் வரும். அதில் தவறில்லை, ஆனால் பரிசோதனைகளில் காசநோய்க்கான தடயம் எதுவும் கிடைக்காது.

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையின் மருத்துவர் எஸ்.ஆர்.ரத்தினமும் அவருடன் ஆய்வு செய்தவர்களும் 2002-இல் இதற்கு வேறொரு காரணத்தை முன்வைத்தார்கள்: தட்டைப்புழு. அந்தச் சிறுவர்களிடையே இருந்த ஒற்றுமை, ஊர்க் குளத்திலோ ஆற்றிலோ குளித்த பழக்கம். நோயைக் கண்டுபிடிப்பதில் "எங்கேப்பா குளிப்ப?" என்ற கேள்விக்கு எந்தக் கருவிக்கும் குறையாத இடமுண்டு என்பேன்.

இந்தப் புழுவின் வாழ்க்கை மூன்று உயிர்களைச் சுற்றி நடக்கிறது. மீன் தின்னும் பறவையின் குடலில் முட்டையிடுகிறது. எச்சத்தோடு தண்ணீரில் விழும் முட்டையிலிருந்து நத்தைக்குள் போய்ப் பெருகுகிறது. பிறகு வாலுள்ள நுண்ணிய இளம்புழுவாக வெளியே நீந்தி மீனைத் தேடுகிறது. மீனைப் பறவை தின்றால் சுற்று முடிந்தது. அந்த இளம்புழு மீனுக்குப் பதில் முங்குநீச்சல் போடும் பையனின் கண்ணுக்குள் புகுந்துவிட்டால், வழி தப்பியதுதான். அங்கே அதனால் வளர முடியாது. அதைச் சுற்றி உடலின் வெள்ளணுக்கள் திரள்கின்றன. கட்டி என்று நாம் பார்ப்பது பெரும்பாலும் அந்தத் திரளைத்தான்.

சிக்கலும் இங்கேதான். கட்டியை எடுத்து நுண்ணோக்கியில் வைத்தால் முழுப் புழு கிடைப்பது அரிது. புழு நோய்களிலும் ஒவ்வாமையிலும் கூடிவரும் இயோசினோஃபில் அணுக்கள் இருக்கும். அதிர்ஷ்டம் இருந்தால் புழுவின் மேல்தோல் சிதிலம் கொஞ்சம் தட்டுப்படும். எந்தப் புழு என்று சொல்ல டிஎன்ஏ வேண்டியிருந்தது. கட்டியில் கிடைத்த டிஎன்ஏவையும் குளத்து நத்தைகளில் இருந்த புழுவின் டிஎன்ஏவையும் ஒப்பிட்டு, அது புரோசெரோவம் வேரியம் என்ற இனம் என்று 2016-இல் வெளியான ஆய்வு காட்டியது. நத்தையோ, நீண்டு கூம்பிய ஓடுள்ள, எங்கும் காணக்கூடிய மெலனாய்ட்ஸ் வகை.

சிகிச்சை எளிதானது. கட்டி சிறிதென்றால் ஸ்டீராய்டு சொட்டு மருந்திலேயே சுருங்கும். பெரிதென்றால் கருவிழி ஓரத்தில் சிறு துளையிட்டு உறிஞ்சி எடுத்துவிட்டு, சொட்டு மருந்தைத் தொடர்வார்கள். அசட்டையாக விட்டால் பார்வை பாதிக்கப்படலாம். அதற்காக மருந்துக்கடையில் நாமே ஸ்டீராய்டு சொட்டு வாங்கி ஊற்றுவது ஆபத்து. சிவந்த கண்ணில் இருப்பது பூஞ்சைத் தொற்றாக இருந்தால், அதே மருந்து அதை வேகமாகப் பரப்பிவிடும்.