இராஜினாமாக் கடிதத்துக்கு முன் ஒரு நேர அட்டவணை

வேலையையும் பிள்ளையையும் சமாளிக்க வழி தேடும் தாய்மார் என்னிடம் ஆலோசனை கேட்டு வருவார்கள். பாடசாலைத் தவணை தொடங்கி இரண்டாவது வாரம் ஒரு தாய் வந்தார். வீடு வெள்ளவத்தையில். புறக்கோட்டையில் ஓர் இறக்குமதிக் கம்பனியின் கணக்குப் பகுதியில் பதினொரு வருட வேலை. மகன் அப்போதுதான் முதலாம் ஆண்டுக்குப் போகத் தொடங்கியிருந்தான். அதுவரை அவனைப் பார்த்துக்கொண்ட மாமி, தன் மகளின் பிரசவத்துக்கென்று யாழ்ப்பாணம் போய்விட்டார். எப்போது திரும்புவார் என்று தெரியாது. ஸ்கூல் வான் இரண்டு மணிக்குப் பிள்ளையை வாசலில் இறக்கும். அம்மா வீடு வந்து சேர ஆறரை ஆகும். கைப்பைக்குள் இராஜினாமாக் கடிதம் இருந்தது. "மிஸ், இதை இங்கிலீஷில ஒருக்காச் சரி பார்த்துத் தாங்கோ" என்றுதான் கேட்டார்.

கடிதத்தை மடித்து ஒரு பக்கம் வைத்துவிட்டு, வெள்ளைத்தாளில் திங்கள் முதல் வெள்ளி வரை கோடு போட்டேன். ஒவ்வொரு மணித்தியாலமும் அலுவலகத்தில் என்ன செய்கிறீர்கள் என்று கேட்டு எழுதினோம். முக்கால் மணித்தியாலம் எடுத்தது. காலையில் வங்கி, காசோலை, சுங்கப் பத்திரங்கள். இவற்றுக்கு ஆள் நேரில் இருக்கவேண்டும், எல்லாம் பன்னிரண்டுக்கு முன்பே முடிந்துவிடும். பின்னேரம் முழுவதும் பற்றுச்சீட்டுகளைக் கணினியில் பதிவது, வங்கிக் கூற்றோடு ஒப்பிட்டுப் பார்ப்பது. மாதக் கடைசி மூன்று நாட்கள் மட்டும் இரவு எட்டு வரை நிற்கவேண்டும்.

அவர் கேட்கவேண்டியது என்ன என்பது அந்தத் தாளிலேயே இருந்தது. காலை ஏழரைக்கு அலுவலகம். ஒன்றே காலுக்குப் புறப்பட்டுக் கோட்டையிலிருந்து கரையோர ரயில். இரவு பிள்ளை படுத்தபின் எட்டு முதல் பத்து வரை வீட்டிலிருந்து பதிவு வேலை. மாதக் கடைசி மூன்று நாட்களும் முழு நேரம், அந்த நாட்களில் கீழ் வீட்டு அன்ரிக்குப் பணம் கொடுத்துப் பிள்ளையைப் பார்க்க ஏற்பாடு. மூன்று மாதப் பரீட்சார்த்தம் கேட்டோம், முதலாளி இரண்டு மாதம் தந்தார். இரண்டு மாதம் முடிந்ததும் அதையே கடிதமாக எழுதிக் கொடுத்தார்.

பதினாறு வருடம் மனிதவளப் பிரிவில் மேசைக்கு மறுபக்கம் இருந்தவள் நான். "பிள்ளை சின்னன், கொஞ்சம் நேரத்தோட போக விடுங்கோ" என்று வந்த எத்தனையோ தாய்மாரை இல்லை என்று அனுப்பியிருக்கிறேன். அது இன்றும் மனதை அறுக்கிறது. ஆனால் ஏன் அனுப்பினேன் என்பதும் நினைவிருக்கிறது. அவர்கள் போனபின் அந்த வேலையை யார் செய்வது என்ற கேள்வி என் தலையில் விழுந்தது, அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. பதிலையும் கையோடு கொண்டுவந்த இரண்டு மூன்று பேருக்கு என்னால் இல்லை என்று சொல்ல முடியவில்லை. என் முதல் மகளுக்கு ஒன்பது மாதமானபோது நானே ஒரு வேலையை விட்டேன். வேறு நேரம் தருவீர்களா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்கலாம் என்பதே தோன்றவில்லை.

இலங்கையில் வேலை செய்யும் வயதிலுள்ள பெண்களில் தொழிற்படையில் இருப்பவர்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். ஆண்களில் பத்துக்கு ஏழு பேர். படிப்பில் பெண்கள் பின்தங்கவில்லை, கொழும்பில் எந்த ரியூஷன் வகுப்புக்குப் போனாலும் தெரியும். பாடசாலை ஒன்றரைக்கு விடுகிறது, அலுவலகம் ஐந்துக்கு விடுகிறது. இடையிலுள்ள அந்த மூன்றரை மணித்தியாலத்தை அம்மம்மாவோ மாமியோ நிரப்பாத வீட்டில் ஒரு சம்பளம் நின்றுபோகிறது. வீட்டிலிருந்து வேலை செய்வது இங்கே சரிவராது என்று சொல்லும் முதலாளிமாருக்கு 2020இன் கொரோனா ஊரடங்கை ஞாபகப்படுத்துவேன். 2022இல் பெற்றோல் இல்லாமல், கரண்ட் இல்லாமல் இருந்த மாதங்களிலும் பல கம்பனிகள் வீடுகளிலிருந்தே ஓடின.

சட்டம் எங்கே நிற்கிறது என்பதையும் தெரிந்துகொண்டு போவது நல்லது. தனியார் அலுவலகங்களுக்கு 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டம் பொருந்தும். நாளுக்கு 8 மணித்தியாலம், வாரத்துக்கு 45. மகப்பேற்று விடுமுறை 84 வேலை நாட்கள், 2018க்குப் பிறகு மூன்றாவது பிள்ளைக்கும் அதே அளவு. மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டத்தின் கீழ் வரும் வேலைத்தளங்களில், பிள்ளைக்கு ஒரு வயதாகும் வரை பால் கொடுக்க நாளுக்கு இரண்டு இடைவேளைகள் தரவேண்டும். அங்கே குழந்தை பராமரிப்பு இடம் இருந்தால் ஒவ்வொன்றும் அரை மணித்தியாலம், இல்லாவிட்டால் ஒரு மணித்தியாலம். அரசாங்க ஊழியருக்கு முழுச் சம்பளத்தோடு 84 நாட்கள், அதன்பின் அரைச் சம்பளத்தோடு 84, சம்பளமின்றி இன்னொரு 84. இதற்கு அப்பால், பிள்ளை பாடசாலை போகும் வயதில் தாய்க்கு நேரத்தை மாற்றிக் கொடு என்று தனியார் முதலாளியைக் கட்டாயப்படுத்தும் பிரிவு கடை, அலுவலக ஊழியர் சட்டத்தில் இல்லை. கேட்டுத்தான் பெறவேண்டும். பெற்றதை எழுத்தில் வாங்கவேண்டும்: எந்த நேரம், என்ன சம்பளம், சேவைக்காலம் முறியாமல் தொடர்கிறதா. வாய்ச்சொல்லாகத் தந்த நேரம் மேலாளர் மாறும் நாளில் போய்விடும். நான் அதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

எனக்கு அதிகம் கோபம் வருவது இன்னொரு விடயத்தில். "உங்களுக்கு வசதியான நேரத்தில வேலை" என்று சொல்லி, தாய்மாரின் தேவையை வைத்தே அவர்களின் சேமிப்பைப் பறிப்பது. கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு தங்கச்சி வந்தா. இரண்டு பிள்ளைகள். வீட்டிலிருந்து ஒரு நிறுவனத்துக்கு வாடிக்கையாளர் அழைப்புகளுக்குப் பதில் சொல்லும் வேலை. ஒப்பந்தத்தில் 'சுயாதீன ஆலோசகர்' என்று எழுதியிருந்தது. ஆனால் காலை ஒன்பது முதல் மூன்று வரை லொக் இன் ஆகியிருக்கவேண்டும், மடிக்கணினி அவர்களுடையது, விடுமுறைக்கு மேற்பார்வையாளரிடம் கேட்கவேண்டும், வேறு எவருக்கும் வேலை செய்யக்கூடாது. இரண்டரை வருடமாக ஊழியர் சேமலாப நிதி ஒரு சதமும் இல்லை.

பெயர் என்னவாக இருந்தாலும், நேரத்தையும் முறையையும் கருவியையும் ஒருவரே தீர்மானித்தால் அவர் முதலாளி, நீங்கள் ஊழியர். சேமலாப நிதி பகுதிநேரத்துக்கும் உண்டு, தற்காலிகத்துக்கும் உண்டு, துண்டுக் கணக்கில் கூலி வாங்குபவருக்கும் உண்டு. உங்கள் சம்பளத்தில் 8 வீதம், முதலாளி 12 வீதம். ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு முதலாளியின் பங்கு இன்னும் 3 வீதம். அறுபதாயிரம் சம்பளத்தில் முதலாளி சேர்க்கவேண்டியது மட்டும் மாதம் ஒன்பதாயிரம். முப்பது மாதத்துக்கு இரண்டு இலட்சத்து எழுபதாயிரம். இந்தக் கணக்கை எழுதிக் காட்டியபோது அந்தத் தங்கச்சி அழுதுவிட்டா. நாரஹேன்பிட்டியிலுள்ள தொழில் திணைக்களத்தில் முறைப்பாடு கொடுத்தோம். சம்பளம் வந்த வங்கிக் கூற்று, மேற்பார்வையாளரின் வட்ஸ்அப் கட்டளைகள், லொக் இன் பதிவு, எல்லாவற்றையும் அச்செடுத்துக் கொண்டுபோனோம். பிந்திச் செலுத்தும் முதலாளி மேலதிகக் கட்டணத்தோடு கட்டவேண்டும், அது நிலுவையின் பாதி அளவுக்குக்கூட உயரலாம். விசாரணைக்கு மாதக்கணக்கில் எடுத்தது. பணம் வந்தது.

உண்மையாகவே சுயமாக வேலை செய்பவர்களும் என்னிடம் வருகிறார்கள். மொழிபெயர்ப்பு, வரைகலை, இணையத்தில் கணிதம் படிப்பிப்பது, தைப்பது. நல்ல வழிதான். ஆனால் உங்களுக்காக எவரும் சேமலாப நிதி கட்டமாட்டார்கள், ஆகவே மணித்தியாலக் கூலியை நிர்ணயிக்கும்போதே, முதலாளி கட்டும் 12ஐயும் 3ஐயும் சேர்த்து வரும் அந்த 15 வீதத்தையும் கூட்டிக் கேளுங்கள். 2025 ஏப்ரலிலிருந்து வருடத்துக்கு 18 இலட்சம் வரையான வருமானத்துக்கு வருமான வரி இல்லை. அதைத் தாண்டும் அளவுக்கு வளர்ந்தால் முதல் நாளிலிருந்தே எழுதிவந்த கணக்குப் புத்தகம் கைகொடுக்கும். வியாபாரப் பெயரைப் பிரதேச செயலகத்திலேயே பதியலாம்.

வேலை தருகிறேன் என்று உங்களிடம் பணம் கேட்பவரை அந்த இடத்திலேயே விட்டுவிடுங்கள். பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், வைப்பு, என்ன பெயரில் கேட்டாலும் சரி. டெலிகிராமில் வீடியோவுக்கு லைக் போடும் 'வேலை' முதலில் ஐந்நூறு, ஆயிரம் என்று உண்மையாகவே பணம் அனுப்பும். நம்பிக்கை வந்தபின் நீங்கள் போடும் தொகை பெரிதாகும், திரும்பி வராது. நகையை அடகு வைத்துப் போட்டவர்களை நான் சந்தித்திருக்கிறேன். வீட்டில் சொல்லப் பயந்து மாதக்கணக்கில் மறைத்து வைத்திருந்தார்கள். தயவுசெய்து மறைக்காதீர்கள், பொலிஸில் முறைப்பாடு கொடுங்கள். ஏமாற்றியவன்தான் குற்றவாளி.

கடைசியாக ஒன்று. நேர அட்டவணைத் தாளில் இப்போது இரண்டு பத்திகள் போடுகிறேன், ஒன்று அம்மாவுக்கு, ஒன்று அப்பாவுக்கு. தனியார் துறையில் தந்தைக்கென்று சட்டப்படியான விடுமுறை இல்லை. அதனால்தானோ என்னவோ, கேட்கலாம் என்று அவர்களுக்குத் தோன்றுவதும் இல்லை. சென்ற மாதம் தெஹிவளையிலிருந்து ஒரு தம்பதி வந்தார்கள். மனைவி திரும்ப வேலைக்குப் போகவேண்டும், பிள்ளையைக் காலையில் முன்பள்ளியில் விட ஆளில்லை. கணவர் யூனியன் பிளேஸில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை செய்கிறார். நீங்கள் பத்து மணிக்குத் தொடங்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள் என்றேன். மூன்றாம் நாள் தொலைபேசியில் பேசினார். "மிஸ், ஒரு ஈமெயில்தான் போட்டன். அரை மணித்தியாலத்தில ஓம் எண்டு பதில் வந்திட்டுது." கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "அவ நாலு வருஷம் வீட்டில இருந்திட்டா, மிஸ்."