கனவில் ஒளிர்ந்த மஞ்சள், கணினியில் ஏன் சேறாகிறது?

தாம் கண்ட வண்ணக் கனவொன்றைக் கணினியில் கொலாஜாக (படங்களை ஒட்டிச் சேர்க்கும் ஓவியமாக) செய்து பார்த்த வாசகர் ஒருவர் இப்படிக் கேட்டிருந்தார்: "கனவில் சிவப்பு வானமும் பச்சை நீரும் சேர்ந்த இடம் மஞ்சளாக ஒளிர்ந்தது. அதே இரு நிறங்களை ஒன்றன்மேல் ஒன்றான இரண்டு லேயர்களாக (அடுக்குகளாக) வைத்து விளிம்பை மென்மையாக்கினால், நடுவில் சேறு பூசியதுபோல ஓர் இருண்ட பட்டை விழுகிறது. நான் எங்கே தவறு செய்கிறேன்?" தவறு அவருடையது அன்று. அவருடைய மென்பொருள் நிறங்களைக் கூட்டும் முறையில்தான் அந்தச் சேறு பிறக்கிறது.

கனவில் நிறம் உண்டா என்பதே நெடுங்காலம் விவாதிக்கப்பட்ட கேள்வி. 1942இல் மிடில்டன் என்ற உளவியலாளர் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களிடம் கேட்டபோது, கனவில் நிறத்தை அரிதாகவே காண்கிறோம் அல்லது காண்பதே இல்லை என்று சுமார் 70 விழுக்காட்டினர் கூறினர். தத்துவ அறிஞர் எரிக் ஷ்விட்ஸ்கேபெல் அதே கேள்வியை மீண்டும் கேட்டு 2003இல் வெளியிட்ட ஆய்வில், அப்படிச் சொன்னவர்கள் சுமார் 18 விழுக்காட்டினர் மட்டுமே. இடையில், 1962இல் வெளியான ஓர் ஆய்வு, விழிகள் வேகமாக அசையும் ரெம் உறக்கத்தின் நடுவே ஆட்களை எழுப்பி உடனே விசாரித்தது; அப்போது கிடைத்த கனவு விவரிப்புகளில் 80 விழுக்காட்டுக்கும் மேலானவற்றில் நிறம் இருந்தது. மாறியது கனவா, அதை நினைவுகூரும் பழக்கமா, கறுப்பு வெள்ளைப் படங்கள் மனத்தில் பதித்த எதிர்பார்ப்பா என்பது இன்னும் விவாதத்தில் இருக்கிறது. இதைத் தீர்க்க வேண்டுமானால் இரவு முழுவதும் விழித்திருந்து உறங்குபவர்களை எழுப்பிக் கேட்கும் ஆய்வுக்கூடங்கள் வேண்டும். உடனடிப் பயன் தெரியாத இத்தகைய பொறுமையான பணிக்கு நிதி ஒதுக்குவது வீண்செலவு அன்று என்பது என் உறுதியான கருத்து. கனவில் வந்த நிறத்தை வைத்து எதிர்காலம் சொல்லும் நூல்களுக்குச் செலவாகும் பணமே வீண், ஏனெனில் அவற்றுக்கு ஆதாரம் எதுவும் இல்லை.

இனிக் கொலாஜுக்கு வருவோம். ஒவ்வொரு பிக்சலும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகியவற்றுக்கு 0 முதல் 255 வரையிலான மூன்று எண்கள் என்பது பலரும் அறிந்ததே. மேல் லேயர் எவ்வளவு மறைக்கிறது என்பதைச் சொல்லும் நான்காவது எண் ஆல்ஃபா. ஆல்ஃபா பாதியாக உள்ள இடத்தில் மேல் நிறத்தில் பாதியையும் கீழ் நிறத்தில் பாதியையும் கூட்டினால் விடை வந்துவிடும். லேயர்களை இப்படி அடுக்கும் கணக்கை 1984இல் கணினி வரைகலை வல்லுநர்களான தாமஸ் போர்ட்டரும் டாம் டஃபும் ஒழுங்குபடுத்தி வெளியிட்டார்கள். இன்றைய படத்தொகுப்பு மென்பொருள்கள் இன்றும் அதன்மீதே நிற்கின்றன.

முழுச் சிவப்பு 255, 0, 0. முழுப் பச்சை 0, 255, 0. பாதிப் பாதியாகக் கூட்டினால் 128, 128, 0 கிடைக்கிறது. கணக்கில் பிழை இல்லை. ஆனால் 128 என்ற எண் பாதி ஒளியைக் குறிப்பதில்லை; இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த நுட்பம் ஒளிந்திருக்கிறது. 255 என்பது முழு ஒளி என்றால், 128 என்பது அதில் சுமார் 22 விழுக்காடு ஒளி மட்டுமே. உண்மையான பாதி ஒளிக்கு உரிய எண் 188. இந்த வளைந்த அளவுகோலுக்குக் காமா என்று பெயர். நம் கண் இருட்டில் நேரும் சிறு வேறுபாட்டை எளிதில் கண்டுகொள்கிறது. நல்ல வெளிச்சத்தில் அதே அளவு வேறுபாட்டைத் தவறவிடுகிறது. இருக்கும் 256 படிகளையும் ஒளியின் அளவுக்கேற்பச் சமமாகப் பகிர்ந்தால், இருண்ட பகுதிகளில் படிகள் போதாமல் பட்டை பட்டையாகத் தெரியும். ஒளிமிகுந்த பகுதியிலோ கண் பிரித்தறியாத படிகள் வீணாகும். ஆகவே எஸ்ஆர்ஜிபி போன்ற வண்ணத் தரங்கள் இருளுக்கு அதிகப் படிகளையும் வெளிச்சத்துக்குக் குறைந்த படிகளையும் ஒதுக்குகின்றன. பழைய படக்குழாய்த் திரைகளும் ஏறத்தாழ இதே வளைவில்தான் ஒளிர்ந்தன என்பது வரலாறு தந்த இனிய பொருத்தம்.

சேமிப்பதற்காக வளைத்த எண்களை, நேர்ப்படுத்தாமல் அப்படியே கூட்டுவதுதான் சிக்கல். திரையின் முழு வெண்மையை 100 என்று கொண்டால், முழுச் சிவப்பின் பொலிவு (கண்ணுக்குப் படும் ஒளியளவு) சுமார் 21, முழுப் பச்சையின் பொலிவு சுமார் 72. இரண்டின் ஒளியும் பாதிப் பாதியாகக் கலந்தால் நடுவில் 46 வர வேண்டும். ஆனால் 128, 128, 0 என்ற நிறத்தின் பொலிவு வெறும் 20. அதாவது, இரு நிறங்களுக்கும் இடையில் இருக்க வேண்டிய கலவை, அவற்றில் மங்கலான சிவப்பைவிடவும் இருண்டுபோகிறது. வாசகர் கண்ட சேற்றுப் பட்டை இதுதான்.

இதை நீக்கும் வழி, எண்களை முதலில் ஒளியளவாக நேர்ப்படுத்தி, அங்கே கூட்டி, பிறகு மீண்டும் வளைத்துச் சேமிப்பது. கிம்ப் என்ற படத்தொகுப்பு மென்பொருளின் 2.10 பதிப்பு முதல் இயல்பான லேயர் கலப்பு இப்படித்தான் நடக்கிறது. ஃபோட்டோஷாப்பில் வண்ண அமைப்புகளுக்குள் சென்று, ஆர்ஜிபி (சிவப்பு, பச்சை, நீலம்) நிறங்களைக் காமா 1.00 கொண்டு, அதாவது வளைவின்றி, கலக்கும் தேர்வை இயக்க வேண்டும். மல்டிப்ளை, ஸ்கிரீன் ஆகிய கலப்பு முறைகளைப் பற்றியும் ஒரு சொல்: மல்டிப்ளை இரு வண்ணக் கண்ணாடிகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைப்பது போன்றது, சிவப்பும் பச்சையும் சேர்ந்தால் கறுப்பாகிவிடும், ஸ்கிரீன் இரண்டு ஒளிவீச்சுகளை ஒரே சுவரில் பாய்ச்சுவதை ஒத்தது, அதே இரு நிறங்களும் மஞ்சளாகும். தானே ஒளிர்வதுபோல் தோன்றும் கனவுக் காட்சிகளுக்கு ஸ்கிரீனே பொருந்துகிறது என்பேன்.

எல்லா இடத்திலும் நேர் ஒளிக் கணக்கே சிறந்தது என்று கொள்ள வேண்டாம். கறுப்பிலிருந்து வெள்ளைக்கு மெல்ல மாறும் மூடுபனியை அதில் வரைந்தால் வெளிச்சம் மிக விரைவில் ஏறிவிடும். அங்கே பழைய வளைந்த கணக்குதான் கண்ணுக்குச் சீராகத் தெரியும். சிவப்பு வானமும் பச்சை நீரும் தொடும் விளிம்பில் மட்டும் நேர் ஒளிக் கலப்பைப் பயன்படுத்துங்கள். 128, 128, 0 இருந்த இடத்தில் 188, 188, 0 வந்து நிற்கும், அது மஞ்சளாகவே தெரியும்.