வண்டிச் சாவி கொடுத்தால் ஓட்ட அனுமதி என்று அர்த்தமில்லை

பயணக் காப்பீட்டு க்ளெய்ம்களைப் பரிசீலிப்பது என் வேலை. போன வாரம் மேஜைக்கு வந்த கோப்பும் பழைய கதைதான்: தாய்லாந்து, புக்கெட், வாடகை ஸ்கூட்டர், படோங் மலை இறக்கம், தொடை எலும்பு முறிவு. தனியார் மருத்துவமனை பில்லைக் கையில் வைத்துக்கொண்டு, "பாலிசிதான் இருக்கிறதே சார்" என்கிறார்கள் வீட்டார். இருக்கிறது. ஆனால் ஓட்டியவருடைய இந்திய லைசென்ஸில் எல்.எம்.வி. மட்டுமே இருந்தது, அதாவது கார். வெளிநாட்டில் வண்டி ஓட்டத் தேவையான சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் எடுக்கவில்லை. நிராகரிப்புக் கடிதம் போயிற்று. இந்தக் கடிதத்தை இன்னும் எத்தனை குடும்பங்களுக்கு எழுதுவது?

இவர்கள் எல்லாரும் சொல்வது ஒன்றுதான்: "கடையில் லைசென்ஸே கேட்கவில்லை." கேட்கமாட்டார்கள். அவர்களுக்கு வேண்டியது வாடகை. உங்களிடம் லைசென்ஸ் இருக்கிறதா என்று பார்ப்பது போலீஸும், விபத்துக்குப் பிறகு எங்களைப் போன்றவர்களும்தான். "நம்ம ஊர் மாதிரி அங்கேயும் இடதுபக்கம்தானே, பழகின கை" என்கிறார்கள். கை பழகியதுதான், காகிதம் எங்கே? "கார் லைசென்ஸ் இருந்தால் ஸ்கூட்டர் தானாக ஓட்டலாம்" என்பது இன்னொரு நம்பிக்கை. இந்தியாவிலேயே அது செல்லாது! எந்த வகை வண்டிக்கு இங்கே லைசென்ஸ் இருக்கிறதோ, அந்த வகைக்குத்தான் சர்வதேச அனுமதியிலும் முத்திரை விழும். இருசக்கரத்துக்கு 'ஏ' பிரிவில் முத்திரை இருக்க வேண்டும், 'பி' கார்.

அனுமதியை ஆர்.டி.ஓ. அலுவலகம்தான் தருகிறது. பரிவாகன் என்ற அரசு இணையதளத்தில் விண்ணப்பம் படிவம் 4ஏ, கட்டணம் 1,000 ரூபாய். அதிகபட்சம் ஓராண்டு செல்லும், அதற்குள் உங்கள் லைசென்ஸ் காலாவதியானால் அதோடு முடிந்தது. இணையத்தில் காசு வாங்கிக்கொண்டு 'சர்வதேச லைசென்ஸ்' என்று அட்டை அனுப்புகிறவர்களிடம் தயவுசெய்து ஏமாறாதீர்கள். அசல் இந்திய லைசென்ஸையும் கூடவே எடுத்துப் போங்கள்.

பாலிசியில் எதற்கெல்லாம் பணம் கிடைக்காது என்று சொல்லும் 'விலக்குகள்' என்ற பகுதியை மட்டுமாவது படித்துவிடுங்கள். மது, ஹெல்மெட் போடாதது, செல்லாத லைசென்ஸ் மூன்றும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். கோப்பு வந்ததும் நான் முதலில் புரட்டுவது அவசரப் பிரிவின் சேர்க்கைக் குறிப்பை. அதில் 'மது வாடை' என்று ஒரு வரி இருந்தால் பிறகு நீங்கள் தரும் விளக்கம் எதுவும் எடுபடாது. பின்னால் உட்காருபவருக்கும் தாய்லாந்தில் ஹெல்மெட் கட்டாயம். தாய்லாந்தின் சாலை மரணங்களில் பெரும்பகுதி இருசக்கர வாகனங்களில் நடப்பவை. சியாங் மாய் நகருக்கும் பாய் (Pai) என்ற மலையூருக்கும் இடையே 762 வளைவுகள் கொண்ட மலைச்சாலையில் வண்டி பழகப் போகாதீர்கள். வேன் போகிறது, அதில் ஏறுங்கள்.

கடையில் பாஸ்போர்ட்டை அடகு கேட்பார்கள். கொடுக்காதீர்கள்! ஒரு கீறலுக்குக் கேட்ட தொகையைக் கட்டும்வரை பாஸ்போர்ட் அவர்களிடமே கிடக்கும். நகலும் ரொக்க முன்பணமும் போதும் என்கிற கடையைத் தேடுங்கள். வண்டியை எடுக்குமுன் நாலாபுறமும் வீடியோ எடுங்கள், அடிப்பக்கம் உட்பட.

விபத்து நடந்துவிட்டால் ஆம்புலன்சுக்கு 1669, சுற்றுலா போலீசுக்கு 1155. வண்டியை நகர்த்துமுன் படம் எடுத்துக்கொள்ளுங்கள். போலீஸ் அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்குங்கள். மருத்துவமனையில் சேர்ந்த அன்றே, உடன் வந்தவர் யாராவது பாலிசியில் உள்ள உதவி எண்ணுக்குப் பேசிவிட வேண்டும். தாய்லாந்து மொழியில் எழுதிய எந்தத் தாளிலும், அதைப் படித்துச் சொல்ல ஒருவர் வரும்வரை கையெழுத்துப் போடாதீர்கள்.