உங்க அம்மாவுக்கு இடுப்பு எலும்பு உடைந்ததா?

போன மாதம் குடியாத்தம் பக்கத்திலிருந்து ஒரு அம்மா வந்தார். வயது 52, பீடி சுற்றுகிறவர். வாசற்படியில் தடுக்கிக் கையை ஊன்றியதில் மணிக்கட்டு உடைந்து, புத்தூர் போய்க் கட்டுப் போட்டுக்கொண்டு, வலி விடாததால் என்னிடம் வந்திருந்தார். நின்ற உயரத்திலிருந்து விழுந்ததற்கெல்லாம் எலும்பு உடையக் கூடாது. அதனால், "உங்க வீட்டுல வேற யாருக்காவது இப்படி ஆயிருக்காம்மா?" என்று கேட்டேன்.

"எங்கம்மா பாத்ரூம்ல வழுக்கி இடுப்பு ஒடஞ்சு படுத்தவங்கதான், அப்புறம் எழுந்திருக்கவே இல்ல டாக்டரம்மா. பாட்டிக்குக் கூன். வயசானா எல்லாருக்கும் அப்படித்தானே?"

எல்லாருக்கும் அப்படி ஆவதில்லை. அந்தக் குடும்பத்தில் எலும்பு மெலிகிற தன்மை, அதாவது எலும்புப்புரை, தாயிடமிருந்து மகளுக்கு இறங்கி வந்திருக்கலாம். இரட்டையர்களை ஒப்பிட்டுச் செய்த ஆய்வுகளின்படி, எலும்பின் அடர்த்தி ஆளுக்கு ஆள் வேறுபடுவதில் பாதிக்கு மேல் பரம்பரையால்தான். இதைப் பலர் மூட்டுத் தேய்மானத்தோடு குழப்பிக்கொள்கிறார்கள். மூட்டு தேய்ந்தால் வலிக்கும், எலும்பு மெலிந்தால் உடைகிற நாள் வரை ஒன்றுமே தெரியாது.

"அப்போ ஜீன் டெஸ்ட் எடுத்துடலாமா?" என்று படித்த பிள்ளைகள் கேட்கிறார்கள். பெரும்பாலானவர்களுக்குத் தேவையில்லை. எல்ஆர்பி5 என்ற ஒரே மரபணு பழுதானால் சின்ன வயதிலேயே எலும்பு நொறுங்கிக் கண்பார்வையும் போகிற நோய் ஒன்று உண்டு, ஆனால் அது மிக அபூர்வம். மற்றபடி நூற்றுக்கணக்கான மரபணுக்கள் ஆளுக்குக் கொஞ்சமாக இதில் கை வைக்கின்றன. அம்மாவுக்கோ அப்பாவுக்கோ இடுப்பு உடைந்ததா என்ற கேள்விதான் நம்மிடம் இருக்கிற மலிவான மரபணுப் பரிசோதனை, எலும்பு முறிவு அபாயத்தைக் கணக்கிடும் ஃபிராக்ஸ் முறையிலும் அது இருக்கிறது. அப்பா வழியையும் மறக்காமல் கேளுங்கள். தாய்மாமனைக் கட்டிய வீடுகளில் இரண்டு வழியும் ஒரே குடும்பத்துக்குத்தான் போய்ச் சேரும்.

ஏறக்குறைய 30 வயதுக்குள் எலும்பு தன் முழு பலத்தை எட்டிவிடுகிறது. அது எவ்வளவு என்பதில் பரம்பரைக்குப் பெரிய பங்கு, மீதி சாப்பாடும் வெயிலும் உடலுழைப்பும். மாதவிடாய் நின்றதும் ஈஸ்ட்ரோஜன் குறைந்து அந்தச் சேமிப்பு வேகமாகக் கரையும். வேலூர் வெயிலில் வைட்டமின் டி குறையுமா என்பார்கள். காலையிலிருந்து இருட்டும்வரை ஷூ கம்பெனிக்குள்ளேயோ வீட்டுக்குள் பீடித்தட்டோடோ இருப்பவர் மேல் வெயில் எப்போது படும்?

பெற்றோரில் ஒருவருக்கு இடுப்பு உடைந்திருந்தால், 65 வயது வரை காத்திருக்காமல் மாதவிடாய் நின்றவுடனே எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் பற்றி டாக்டரிடம் பேசுங்கள். சில நிமிட வேலை, வலி கிடையாது. உங்கள் எலும்பின் அடர்த்தியை ஆரோக்கியமான இளவயதினரின் அடர்த்தியோடு ஒப்பிட்டுச் சொல்லும் எண்தான் டி ஸ்கோர். அது மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே போனால் எலும்புப்புரை என்று பொருள், அதற்கு நல்ல மருந்துகள் இருக்கின்றன.

அந்த அம்மாவுக்கு மைனஸ் 2.9. மருந்து ஆரம்பித்தாயிற்று. ஆம்பூரில் வேலை செய்யும் 24 வயது மகளுக்கு ஸ்கேன் வேண்டாம், ஆனால் அவளுக்கு எலும்பு சேர்க்க இன்னும் சில வருடங்கள் இருக்கின்றன, வீட்டில் விட்டுப்போன கேழ்வரகுக் களியை மறுபடி கிண்டச் சொன்னேன். ஆரணியில் இருக்கும் அக்காவுக்கு வயது 56, இதுவரை ஒன்றும் உடையவில்லையாம். அடுத்த முறை அவரையும் கூட்டிவரச் சொல்லியிருக்கிறேன்.