தித்தோனியா: நமக்குக் காட்டுப் பொழுதுவணங்கி

மலைநாட்டு வீதியோரங்களில் ஆளுயரத்துக்கு மேலே வளர்ந்து, சூரியகாந்தி போல மஞ்சளாகப் பூத்துக் குலுங்கும் புதரைப் பலர் கண்டிருப்பீர்கள். வன்னியில் காணி வேலியோரம் அதை வைக்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது பெயரைத்தான்.

தாவரவியல் பெயர் தித்தோனியா டைவர்சிஃபோலியா. சொந்த ஊர் மெக்சிகோவும் மத்திய அமெரிக்காவும். முதற்சொல் ஒரு கிரேக்கக் கதையிலிருந்து வந்தது. அதில் விடியல் தேவதை ஈயோஸ் காதலித்த மனிதன் தித்தோனஸ். அவனுக்குச் சாகாவரம் கேட்டவள், இளமையையும் சேர்த்துக் கேட்க மறந்துபோனாள். ஆள் கிழண்டு வற்றி, கடைசியில் சிள்வண்டாகிப்போனான் என்று ஒரு கதை. விடியலின் நிறத்தைத் தவிரப் பூவோடு வேறு தொடர்பு தேடவேண்டியதில்லை. இரண்டாவது சொல்தான் நமக்குப் பயன். அதற்குப் 'பலவித இலை உடையது' என்று பொருள். ஒரே செடியில் மடல் பிரியாத இலையும் இருக்கும், மூன்றாக, ஐந்தாகப் பிரிந்த இலையும் இருக்கும். அடையாளம் காண இதுவே சுலபமான வழி. தோட்டச் சூரியகாந்தி காய்த்ததும் பட்டுப்போகும். இது தடி முற்றி, வருடக்கணக்கில் நிற்கும்.

சிங்களத்தில் இது 'வல் சூரியகாந்த'. அந்த 'வல்' காட்டில் தானாக முளைப்பதைச் சொல்வது. நம்முடைய வல்லமை 'வல்' அல்ல. காட்டுச் சூரியகாந்தி என்று நாம் சொல்வதும் அதே கருத்துத்தான். சரி, சூரியகாந்தி தமிழா? வடசொல். சூரியகாந்தம் என்றால் வெயில் பட்டால் நெருப்பு உமிழும் என்று நம்பப்பட்ட பளிங்குக் கல். சூரியகாந்திப் பூவே அமெரிக்காவிலிருந்து வந்தது. சங்கப் புலவர்கள் அதைக் கண்டிருக்க வழியில்லை. புறநானூறு 155ஆம் பாட்டில் ஞாயிற்றை எதிர்கொண்டு பூப்பது நெருஞ்சி.

பழைய அகராதிகளில் சூரியகாந்திக்குப் பொழுதுவணங்கி என்றொரு பெயர் உண்டு. பொழுது ஏறிட்டுது, பொழுது பட்டுது என்று இன்றைக்கும் பேசுகிற வன்னியில் இந்தச் சொல்லை யாருக்கும் விளக்கத் தேவையில்லை. அதனால் காட்டுப் பொழுதுவணங்கி என்றே எழுதலாம் என்பது என் பக்கம். இது உண்மையில் பொழுதை வணங்குகிறதா என்று கேட்டால், முற்றிய சூரியகாந்தியும்தான் திரும்பாமல் கிழக்கே பார்த்தபடி நிற்கிறது. பெயருக்கு அவ்வளவு கறார் வேண்டாம்.

குடும்பப் பெயர் அஸ்டரேசியே. அஸ்டர் என்றால் நட்சத்திரம். ஒரு பூ என்று நாம் பறிப்பது பல சிறு பூக்களின் கூட்டம். சுற்றியுள்ள மஞ்சள் இதழ்களும் தனித்தனிப் பூக்களே, ஆனால் மலடு, விதை நடுவட்டத்தில்தான். செவ்வந்தியும் இந்தக் குடும்பந்தான், நம் காணிகளைப் பாழாக்கிய பார்த்தீனியமும் இந்தக் குடும்பந்தான்.

வளர்ப்பது கதியால் போடுகிற, அதாவது வேலிக்குத் தடி வெட்டி ஊன்றுகிற, வேலைதான். பெரும்போக மழை பிடித்ததும், முற்றிய தடியில் ஒரு முழ அளவுக்கு வெட்டி, சரித்து ஊன்றினால் போதும். இளந்தண்டு அழுகிவிடும், படுக்கவைத்துப் புதைத்தால் முளைப்பது குறைவு. தண்ணீர் தேங்கும் பள்ளம் ஆகாது.

குழை தாழ்க்க, அதாவது இலைதழையைப் பசளையாக மண்ணில் புதைக்க, இது அருமையான செடி. மேற்குக் கென்யாவில் ஆராய்ந்தபோது உலர்ந்த இலையில் நைதரசன் ஏறக்குறைய 3.5 வீதம், பொற்றாசியம் 4 வீதம் இருந்தது. இலையும் மண்ணில் சீக்கிரம் மக்கிவிடும். ஆனால் குழைக்கு நாம் வழக்கமாக வெட்டும் கிளிசரியா (சீமைக்கிளுவை) அவரைக் குடும்பம், வேர் முடிச்சில் காற்றிலிருந்து நைதரசனைப் பிடிக்கும். இதற்கு அந்த வித்தை தெரியாது, நிற்கிற மண்ணிலிருந்தே உறிஞ்சும். ஆகவே வெறும் வேலியோரத்துச் சத்தைப் பாத்திக்கு மாற்றுகிறோம் என்றுதான் கணக்கு. இரண்டையும் கலந்து நட்டால் நல்லது.

குளக்கட்டிலோ காட்டு விளிம்பிலோ மட்டும் வைக்காதீர்கள். விதை சிந்திப் பரவும். பூ வாடத் தொடங்கியதும், விதை முற்றுவதற்கு முன்பே, கிளையோடு வெட்டிக் குழையாகத் தாழ்த்துவிடுங்கள்.