மழையில் நல்லாகிப்போன அன்டெனா

போன ஜூன் மாதம், பத்து நாள் விடாத மழைக்குப் பிறகு ஒரு காலையில், என் ஹாம் ரேடியோவின், அதாவது பொழுதுபோக்காக நானே அனுப்பிப் பேசுகிற வானொலியின், அன்டெனா திடீரென்று நல்லாகிவிட்டது. அதற்கு முன் இரண்டு மாதமாக, அன்டெனா பொருந்துகிறதா என்று காட்டும் எஸ்.டபிள்யூ.ஆர். முள் 1-க்குப் பக்கத்தில் நிற்காமல் 3-இல் நின்றுகொண்டிருந்தது. கேபிள் வழியாக மேலே போகும் சக்தியில் கால் பங்கு அன்டெனாவுக்குள் இறங்காமல் திரும்பி வருகிறது என்று அதற்கு அர்த்தம். கம்பியை இறக்கி, நீளத்தைச் சரிபார்த்து, மறுபடி ஏற்ற வேண்டும். சோம்பல்பட்டு, பொருத்தத்தைக் கீழேயே சரிக்கட்டும் ட்யூனரை வைத்துச் சமாளித்துக்கொண்டிருந்தேன். அன்றைக்குப் பார்த்தால் 1.7. கையே வைக்காமல் சரியாகிவிட்டதே என்று சந்தோஷமாக ஒரு ப்ளேன் டீ போட்டுக் குடித்துவிட்டு 7 மெகாஹெர்ட்ஸில் கூப்பிட்டேன். யாழ்ப்பாணத்தில் வழக்கமாகப் பேசுகிற நண்பர், "என்ன செய்தனீங்கள்? குரல் இரைச்சலுக்குள்ள தாழுது" என்றார்.

மழை விட்ட பிறகு கேபிளை இறக்கி மேல் முனையைக் கழற்றினேன். நடுக்கம்பியைச் சுற்றி வெள்ளியாக மின்ன வேண்டிய பின்னல் கம்பி கறுத்துப்போயிருந்தது. கேபிளைத் தலைகீழாகப் பிடித்தால் நான் காலையில் குடித்த அதே டீ நிறத்தில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வந்தது.

தண்ணீர் புகுந்த கேபிள் எப்படி நல்ல கணக்கைக் காட்டும்? 100 வொட் அனுப்புகிறேன் என்று வையுங்கள். நனைந்த கேபிள் வழியிலேயே பாதியைத் தின்றுவிடுகிறது, 50 வொட்தான் மேலே போய்ச் சேர்கிறது. பொருத்தம் சரியில்லாத அன்டெனா அதில் கால் பங்கைத் திருப்பி விடுகிறது, 12.5 வொட். அது இறங்கி வரும்போது கேபிள் மறுபடி பாதியைத் தின்கிறது, மிச்சம் 6.25. கீழே இருக்கிற முள்ளுக்குத் தெரிவது 100 போனது, 6 சொச்சம் வந்தது, அவ்வளவுதான். அதற்கு அது 1.7 என்றுதான் காட்டும். அன்டெனாவில் எதுவுமே மாறவில்லை. திரும்பி வந்த சாட்சியைக் கேபிள் வழியிலேயே அமுக்கிவிட்டது.

ஹாம் ரேடியோ என்றால் உயர்ந்த டவர், அதன் உச்சியில் சுழலும் அன்டெனா என்றுதான் எல்லோருக்கும் படம் ஓடும். தட்டையான ஊர்க்காரர்களுக்கு அது சரி. எங்கள் இலங்கை மலைநாட்டில் உயரம் ஏற்கனவே கிடக்கிறது. நாட்டிலேயே உயர்ந்த மலையான பிதுருதலாகலை 2524 மீற்றர். 2 மீற்றர் பேண்டில், அதாவது 145 மெகாஹெர்ட்ஸ் பக்கம், அலை கிட்டத்தட்ட நேர்கோட்டில்தான் போகும்; மீற்றரில் உள்ள உயரத்தின் வர்க்கமூலத்தை 4.12-ஆல் பெருக்கினால் வழியில் தடையில்லாதபோது எத்தனை கிலோமீற்றர் எட்டும் என்று தெரிந்துவிடும். அந்த உச்சிக்கு ஏறத்தாழ 207 கிலோமீற்றர். நம்முடைய தீவின் அகலமே 224 கிலோமீற்றர்தான். கடலோரத்தில் இதே தூரம் வேண்டுமென்றால் இரண்டரைக் கிலோமீற்றர் உயரத்துக்கு டவர் கட்ட வேண்டும்!

ஆனால் நாங்கள் யாரும் பிதுருதலாகலை உச்சியில் குடியிருக்கவில்லையே. நான் இருப்பது தலவாக்கலைப் பக்கம் ஒரு பள்ளத்தில், சுற்றிவர தேயிலை மலை. நேர்கோட்டில் 90 கிலோமீற்றருக்குள் இருக்கிற கொழும்புக்கு என் வோக்கி டோக்கி எட்டாது. நடுவில் நிற்கிற மலையை 10 மீற்றர் பைப் தாண்டாது, 30 மீற்றர் டவரும் தாண்டாது. பள்ளத்தில் டவர் கட்டிக் காசைக் கரைப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. அந்தக் காசுக்கு நல்ல கேபிள் வாங்கலாம்.

பள்ளத்துக்காரனுக்கு வேறு வழி இருக்கிறது, அலையை மலைக்கு மேலால் அனுப்பிவிடலாம். 7 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 42 மீற்றர். அந்த அலைக்கான கம்பியைத் தரையிலிருந்து 10 மீற்றருக்குள், அதாவது கால் அலைநீளத்துக்குள் கட்டினால், தரையில் பட்டுத் தெறிப்பதும் சேர்ந்து பெரும்பாலான சக்தி நேராக வானத்தைப் பார்த்துப் போகும். முந்நூறு கிலோமீற்றர் மேலே, வளிமண்டலத்தின் மின்னேறிய அடுக்கான அயனமண்டலம் பகலில் அதை மடக்கிக் கீழே அனுப்பும். தண்ணீர்க் குழாயைத் தகரக் கூரைக்கு நேரே பீய்ச்சினால் சுற்றி நிற்கிற அத்தனை பேரும் நனைவார்களே, அந்த மாதிரி. யாழ்ப்பாணம் ஏறத்தாழ 300 கிலோமீற்றர், மலை குறுக்கே நிற்கிறதா என்ற கேள்வியே கிடையாது. நில நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் எங்கள் தலைக்கு மேல் அந்த மண்டலம் பகலில் நல்ல அடர்த்தியாக இருக்கும், அது எங்களுக்குக் கிடைத்த யோகம். 2004 டிசம்பர் சுனாமியில் தொலைபேசி செத்துப்போன தென்கரையிலிருந்து எங்கள் நாட்டு ஹாம்கள் செய்தி அனுப்பியபோது, இப்படி அயனமண்டலத்தில் மடங்கித் திரும்புகிற சிற்றலைகள்தான் கைகொடுத்தன.

சரி, கம்பி எவ்வளவு நீளம்? 143-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் அரை அலைக் கம்பியின் நீளம் மீற்றரில் வரும். 7.1-க்கு 20 மீற்றர் 14 சென்டிமீற்றர். அதை நடுவில் வெட்டி, ஒரு பாதியில் கேபிளின் நடுக்கம்பியையும் மறு பாதியில் பின்னலையும் இணைத்தால் டைபோல் தயார். ஒரே பைப்பின் உச்சியில் நடுவைக் கட்டி, இரண்டு கையையும் கூரை மாதிரிச் சரித்து, ஓரத்தில் நிற்கிற சவுக்கு மரங்களில் நைலோன் கயிற்றால் இழுத்துவிட்டால் தலைகீழ் வி. வெட்டும்போது அரை மீற்றர் கூடுதலாகவே வெட்டுங்கள். ஏற்றிப் பார்த்து, இறக்கி, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கலாம், மொத்தத்தில் 10 சென்டிமீற்றர் குறைத்தால் ஏறத்தாழ 35 கிலோஹெர்ட்ஸ் மேலே நகரும். அநியாயமாக வெட்டிவிட்டு ஒட்டுப் போட்ட அனுபவமும் உண்டு, அதை விடுங்கள்.

இனி அந்த ஒற்றைப் பைப்பை நிமிர்த்தி நிறுத்த வேண்டும். ஆறு மீற்றர் ஜீ.ஐ. பைப் இரண்டை இணைத்து, இணைப்பில் ஏறினதும் வெட்டினதும் போக 10 மீற்றர் என்று வைப்போம். மூன்று திசையில், ஒன்றுக்கொன்று 120 பாகையில், ஸ்டே வயர் இழுக்க வேண்டும். காற்று எந்தப் பக்கம் தள்ளினாலும் மறுபக்கம் இழுத்துப்பிடிக்க ஒரு வயராவது இருக்கும், அதற்குத்தான் மூன்று. தரையில் கட்டும் இடம் பைப் உயரத்தில் பத்தில் ஆறு பங்குக்குக் குறையாமல் தள்ளி இருக்க வேண்டும், 10 மீற்றருக்கு 6 மீற்றர். இணையத்தில் பார்க்கிற எல்லாப் படத்திலும் இந்தக் கணக்கு இருக்கும். எல்லாப் படத்திலும் தரை மேசை மாதிரி இருக்கும்!

எங்கள் தரை அப்படியா? இரண்டு மீற்றர் நடந்தால் ஒரு மீற்றர் இறங்குகிற சரிவில் 6 மீற்றர் அளந்து மூன்று முளையும் அடித்தால், மேல்பக்க முளைக்கும் பைப் உச்சிக்கும் உயர வித்தியாசம் 7 மீற்றர்தான், கீழ்ப்பக்க முளைக்கோ 13 மீற்றர். கீழ்ப்பக்க வயர் பைப்போடு ஒட்டினாற்போல் செங்குத்தாகப் போகும். அப்படிப்பட்ட வயர் பைப்பைப் பக்கவாட்டில் பிடிப்பதைவிடக் கீழ்நோக்கி அமுக்குவதுதான் அதிகம், அமுக்கினால் பைப் நடுவில் வளைந்து மடியும். மூன்றும் ஒரே சாய்வில் இருக்க வேண்டுமென்றால் மேல்பக்கம் 4.6 மீற்றரே போதும், கீழ்ப்பக்கம் 8.6 மீற்றர் இறங்க வேண்டும். பைப் பாதி உயரத்தில் இன்னொரு செட் வயர் கட்டுவது இன்னும் நல்லது. பிடியில்லாத நீளம் பாதியானால் மடியாமல் தாங்கும் சுமை நாலு மடங்காகும். வயர்க் காசை நினைத்துப் பார்த்தால் இதைவிட மலிவான பலம் வேறு கிடையாது.

முளையை எந்த மண்ணில் அடிக்கிறோம் என்பதும் முக்கியம். ரோட்டுக்கு மலையை வெட்டிய விளிம்பிலும், கொட்டி நிரப்பிய மண்ணிலும் அடிக்கவே வேண்டாம். 2014 ஒக்டோபரில் மீரியபெத்தையில் தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயங்களையே மண் மூடிய பிறகு, நனைந்த சரிவைப் பற்றி எங்கள் ஆட்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

கரண்ட் கம்பத்தின் ஸ்டே வயரில் ஒரு பீங்கான் முட்டை கோத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். எங்கள் ஸ்டே வயரிலும் அது வேண்டும், நீளமான இரும்பு வயர் தானும் ஒரு அன்டெனாவாக நடந்துகொள்ளாமல் துண்டு துண்டாகப் பிரிப்பதற்கு. அதைக் கையில் எடுத்துப் பாருங்கள், இரண்டு துளை ஒன்றுக்கொன்று குறுக்காகப் போகும். இந்தப் பக்க வயரின் வளையம் அந்தப் பக்க வளையத்துக்குள் கோத்து நிற்கும், நடுவில் பீங்கான். இழுக்க இழுக்கப் பீங்கான் நசுங்கத்தான் பார்க்கும்; பீங்கானை இழுத்தால் சீக்கிரம் உடையும், அமுக்கினால் நன்றாகத் தாங்கும். அப்படியே உடைந்து விழுந்தாலும் இரண்டு வளையமும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும், பைப் சாயாது. இதை யோசித்தவன் கெட்டிக்காரன்.

காற்றின் கணக்கு கொஞ்சம் கொடுமையானது. வேகம் இரட்டித்தால் விசை நாலு மடங்கு. மணிக்கு 50 கிலோமீற்றர் காற்று ஒரு சதுர மீற்றரில் 12 கிலோ எடையளவுக்கு அமுக்கும், 100 என்றால் 48 கிலோ. வெறும் பைப்புக்குப் பரப்பு அரைச் சதுர மீற்றர்தான், பிழைத்துக்கொள்ளும். உச்சியில் பல குறுக்குக்கம்பி வைத்த பெரிய யாகி அன்டெனா ஒன்றை ஏற்றினால் கதை வேறு. மே மாதம் தொடங்கித் தென்மேல் பருவக்காற்று ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் மழையோடு அடிக்கும். அதே காற்று மலையைத் தாண்டி இறங்கும்போது காய்ந்துபோய் ஊவாப் பக்கம் கச்சான் காற்றாக வீசும். பண்டாரவளைக்காரருக்குக் கேபிளுக்குள் தண்ணீர் புகும் பிரச்சினை ஜூனில் குறைவு, ஆனால் வயர் நாள் பூராவும் ஆடி ஆடியே கட்டுமிடத்தில் தேயும். ஏப்ரல் முடிவதற்குள் வயரை இறுக்கும் திருகான ஒவ்வொரு டர்ன்பக்கிளையும் பார்த்து, அது தானாகச் சுழன்று தளராமல் நடுவில் ஒரு கம்பியைக் கோத்து முறுக்கிவிடுவது என் வழக்கம்.

மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரமானால் இடி. ஒரு மின்னலில் 30,000 அம்பியர் பாய்வது சாதாரணம், அதுவும் மைக்ரோ செக்கன் கணக்கில் ஏறும். அவ்வளவு வேகமாக ஏறும் மின்னோட்டத்துக்கு நேரான வயரே ஒரு தடைதான். மீற்றருக்குப் பல ஆயிரம் வோல்ட் நிற்கும். எர்த் வயரைச் சுவர் மூலையெல்லாம் அழகாக மடித்து மடித்து இறக்கினால் மின்னல் அந்த வழியை விட்டுவிட்டு வீட்டுக்குள் பாயும். நேராக, குட்டையாக, முடிந்தால் அகலமான செப்புப் பட்டையாக. எங்கள் கல்லு மண்ணில் ஒரு எர்த் ரொட் போதாது, இரண்டு மூன்றை இடைவெளி விட்டு அடித்து, வீட்டுக் கரண்டின் எர்த்தோடும் சேர்த்துக் கட்ட வேண்டும். அதை வயரிங் தெரிந்தவரிடம் விடுங்கள். அப்புறம், மின்னியதற்கும் இடிக்கும் இடையே 30 செக்கன் என்றால் மின்னல் 10 கிலோமீற்றரில் இருக்கிறது. நான் அதற்கு முன்பே கேபிளைக் கழற்றி ஜன்னலுக்கு வெளியே போட்டிருப்பேன்.

இன்னும் ஒன்று: பைப் சாய்ந்தால் கரண்ட் வயரில் விழக்கூடிய தூரத்தில் நிறுத்தவே கூடாது. லைசன்ஸ் எடுத்து 4எஸ்7 என்று தொடங்கும் அழைப்புக்குறி வாங்காமல் அனுப்பவும் கூடாது. தோட்டத்து நிலமென்றால் தோட்டத்திலும் கேட்க வேண்டும்.

கேபிளுக்கு வருகிறேன். கூரை வேலை செய்கிற தம்பி ஒருவன்தான் எனக்குப் பைப் இறக்க வருவான். நான் மேல் முனையில் சுற்றியிருந்த டேப்பைப் பார்த்துவிட்டு, "அண்ணே, தகரத்த மேலருந்து கீழயா மேய்வாங்க?" என்றான். அப்போதுதான் உறைத்தது. நான் மேலிருந்து கீழாகச் சுற்றியதால் ஒவ்வொரு சுற்றின் வாயும் மேல்நோக்கித் திறந்து, மழையை ஏந்தி ஏந்தி உள்ளே விட்டிருக்கிறது. இந்த முறை தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப் ஒரு சுற்று, அதன் மேல் பீ.வி.சி. டேப், இரண்டையும் கீழிருந்து மேலாக அவனே சுற்றினான். வீட்டுக்குள் நுழையுமிடத்தில் கேபிளை ஒரு தொங்கலாக விட்டான், தண்ணீர் அந்த அடியிலேயே சொட்டிவிடும்.

புதுக் கேபிளை ஏற்றுவதற்கு முன் இரண்டையும் சோதித்தேன். மேல் முனையில் நடுக்கம்பியையும் பின்னலையும் ஒரு ஆணியால் சேர்த்துவிட்டு, கீழே எஸ்.டபிள்யூ.ஆர். அளக்கும் சின்ன அனலைசரை வைத்துப் பார்ப்பது. முனை அடைபட்டிருப்பதால் போனதெல்லாம் திரும்பி வந்தாக வேண்டும். பழைய கேபிள் 3 காட்டியது. அப்படியென்றால் அனுப்பியதில் கால் பங்குதான் திரும்பியிருக்கிறது, போக வரப் பாதி பாதியாகத் தின்றிருக்கிறது. புதியதில் கணக்கு அளவைத் தாண்டி ஓரத்தில் போய் முட்டியது. தம்பி எட்டிப் பார்த்துவிட்டு, "ஐயோ, உடைஞ்சிருச்சா அண்ணே?" என்றான்.